அறுபத்திரண்டு முறை நனைந்த கிடாய்

கிடாய் ஏன் உடம்பை உதறுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக எம்.ஏ. படித்த மனிதன் ஒருவன் வைகாசி வெயிலில் மலையேறுகிறான் என்பதைப் பொன்னன் நம்பவே இல்லை. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் கூலி பேசி டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டபோதே கேட்டான். முதல் ஓடையில் தண்ணீர் குடிக்க நின்றபோது கேட்டான். பாதி மலையில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இனி பதில் சொன்னால்தான் தூக்குவேன் என்பதுபோல அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"ஏனுங்க சாமி, மறைக்காம சொல்லிப்போடுங்க. சர்க்கார் ஆளுங்களா? மரம் எண்ண வாரீங்களா?"

"இல்லப்பா. கெடா துளுக்கறதைப் பாக்கத்தான் வாரேன்."

"கெடா எங்கூர்லயும் துளுக்குமுங்களே! பெட்டியைத் தூக்கிக்கிட்டு இத்தனை தூரம் ஏறோணுமா?"

நல்ல கேள்வி. செங்கோடன் அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் மலையுச்சி வந்துவிடும் என்பதால் பொன்னனை எழுப்பி நடக்க விட்டு, பின்னாலேயே பதில் சொல்லிக்கொண்டு வந்தான்.

செங்கோடன் திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை. 1936ஆம் வருஷத்தில் சென்னையில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தான். மனிதர்கள் சாமியின் பேரால் செய்கிற விசித்திரமான காரியங்களுக்குப் பின்னால் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. முள்மேல் படுப்பவர்கள், சிலையின் தலையில் பூ வைத்து அது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பெண் கொடுப்பவர்கள், பல்லி கத்தினால்தான் கிணறு வெட்டுபவர்கள் என்று மூன்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பியிருந்தான். அத்தனையிலும் அவனுக்குப் பிடித்தது கிடாய் துளுக்குவதுதான். மற்ற ஆராய்ச்சியில் மனிதர்களைக் கேள்வி கேட்க வேண்டும். மனிதர்கள் பொய் சொல்வார்கள். கிடாய் சொல்லாது.

விஷயம் இதுதான். சாமிக்கு வெட்டப்போகும் கிடாயின் முதுகில் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கிடாய் தலையிலிருந்து வால்வரை ஓர் உதறு உதறினால் அதுதான் துளுக்குதல். சாமி ஏற்றுக்கொண்டது என்று பொருள். உதறாத கிடாயை வெட்டக் கூடாது. ராசிபுரம் பக்கம் மூன்று கோயில்களில் செங்கோடன் கல்லூரிக் கடிகாரத்தை வைத்து அளந்திருந்தான். அது பொத்தானை ஒருதரம் அமுக்கினால் ஓடி, மறுதரம் அமுக்கினால் நிற்கிற கடிகாரம். பதினோரு விநாடி, ஒன்பது விநாடி, பதினான்கு விநாடி. ஈரம் பட்டால் தோலுக்கு அடியிலிருக்கும் சதை தானாகச் சிலிர்க்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டும் நேரத்தில் ஒரு சேதி வந்தது. கொல்லிமலையில் குழிக்காட்டுப்பட்டி என்ற ஊரில் உச்சிப்பொழுதுக்குத் தெளிக்க ஆரம்பித்தால் கிடாய் துளுக்கச் சாயங்காலம் ஆகிறதாம்.

அதே கிடாய், அதே தண்ணீர். கீழே பதினோரு விநாடி. மேலே அரை நாள். ஏன்? டிசம்பரில் சென்னையில் பெரிய அறிஞர்கள் கூடும் மகாநாட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் வாசிப்பதாக அவன் பெயர் கொடுத்துவிட்டிருந்தான்.

"மேல தண்ணி குளுருமுங்க. கெடா வெறைச்சுப் போயி ஒதற மறந்துருக்கும்" என்று பொன்னன் தன் பதிலைச் சொன்னான்.

குழிக்காட்டுப்பட்டி போய்ச் சேர்ந்ததும் ஊர்க்கவுண்டர் அண்ணாமலை தன் மாட்டுக் கொட்டகையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். மறுநாள் விடப்போவது எந்தக் கிடாய், யாருடைய கிடாய், எதற்காக என்பதையெல்லாம் பூசாரி சென்றாயன் விளக்கினான். அவனுக்கும் செங்கோடன் வயதுதான் இருக்கும். பலாச்சுளையைத் தின்றுகொண்டே அவன் சொன்னதைச் செங்கோடன் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டான்.

கிடாய் பாப்பாயியுடையது. ஐம்பது வயசுத் தனிக்கட்டை. கொஞ்சம் சாமைக்காடு, ஓர் எருமை, இந்தக் கிடாய், அவ்வளவுதான் அவள் சொத்து. போன ஐப்பசியில் அந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய், கருப்பனார் கோயிலுக்கென்று ஊரார் விதைத்திருந்த சாமையில் ஒரு மூலையை மேய்ந்துவிட்டது. ஊர்க்கூட்டம் கூடியது. கும்பிட்டுத் தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர்க்கவுண்டர், "சாமி காட்டுல எருமையை உட்டுப்போட்டியே, பயம் இல்லியா உனக்கு?" என்று கேட்டார். பாப்பாயி, "மலை முழுக்கக் காவல் காக்கற கருப்பனாருக்கு என்ற எருமை ஒண்ணு வாரது கண்ணுக்குத் தெரியலீங்களா? தூங்கறவரை எழுப்பி உடறது என்ற வேலையா, ஊர்க்கவுண்டரு வேலையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

கூட்டம் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வினையானது. ஊர் அவளை விலக்கி வைத்தது.

விலக்கு என்றால் யாரும் அவளோடு பேசக் கூடாது. அவளும் ஊர் எல்லைக்குள் யார் எதிரிலும் வாய் திறக்கக் கூடாது. நெருப்பு கொடுக்கக் கூடாது. அறுப்புக்கு ஆள் போகக் கூடாது. வைகாசியில் கருப்பனாருக்கு அவள் கிடாய் விடலாம். பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் அது துளுக்கிவிட்டால் அந்த நிமிஷமே அவள் ஊரில் ஒருத்தி. துளுக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம்.

"ஏழு மாசம் எப்படியோ ஓட்டிப்போட்டாங்க. இன்னும் ஒரு வருசம் ஒத்தையாளா உழுது அறுக்க முடியுங்களா? எருமையை வித்துப்போட்டுக் கீழ கூலிக்குத்தான் எறங்கோணும்" என்றான் சென்றாயன்.

"சரி, கிடா துளுக்க ஏன் இத்தனை நேரம் ஆகுது?"

"ஆராச்சும் மனசுல எதையாச்சும் மறைச்சு வெச்சிருப்பாங்க. அதைச் சொல்ற வரைக்கும் சாமி தலையாட்டாது. தெளிப்போம், சொல்லுவாங்க. மறுபடி தெளிப்போம், இன்னொருத்தரு சொல்லுவாங்க. அப்படியே போகுமுங்க."

செங்கோடனுக்குச் சிலிர்த்தது. கிடாய் துளுக்குவதுபோல என்றே சொல்லலாம்.

நாளைக்கு நடப்பதைச் சரியாக அளக்க வேண்டுமானால், கூட்டமும் சாமியும் இல்லாதபோது இந்தக் கிடாய் எத்தனை விநாடியில் உதறுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். ஆராய்ச்சியின் அரிச்சுவடி இது. ஆகவே மத்தியானம் பாப்பாயி விறகுக்குப் போயிருந்த சமயத்தில், ஒரு செம்புத் தண்ணீரோடு செங்கோடனும் பொன்னனும் அவள் வாசலுக்குப் போனார்கள். பலாமரத்தடியில் கட்டியிருந்த கிடாய் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை.

முதல் தெளிப்பு: நாலு விநாடி. அற்புதமான உதறல். ஆனால் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு விஞ்ஞானத்தில் ஒன்றும் செய்ய முடியாது, குறைந்தது பத்து வேண்டும். ஆறாவது முறை கிடாய் சலித்துப்போய்க் கயிற்றை இழுத்தது. அதை நிற்க வைப்பதற்காகப் பொன்னன் மடியிலிருந்த வெல்லத்தில் ஒரு துண்டு கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு தெளிப்புக்கும் ஒரு துண்டு. பன்னிரண்டாவது முறை உதறுவதற்கு இருபது விநாடி ஆயிற்று. இருபத்தைந்தாவது முறை ஒரு நிமிஷம். முப்பத்தொன்றாவது முறை தண்ணீர் முதுகில் வழிந்து வயிற்றில் சொட்டியது, கிடாய் அசையவில்லை.

"சாமி, கெடா கெட்டுப்போச்சுங்க" என்றான் பொன்னன்.

"கெடலை பொன்னா, பழகிப்போச்சு!" செங்கோடனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அருவிக்குப் பக்கத்துல குடியிருக்கறவனுக்கு அருவிச் சத்தம் கேக்குதா? கேக்காது. காது கேட்டுக்கிட்டுத்தான் இருக்குது. ஆனா இதனால நல்லதும் இல்லை கெட்டதும் இல்லைன்னு தெரிஞ்சதும் மனசு அதைக் கண்டுக்கறதில்லை. கெடாவுக்கும் அதேதான். இதை மிருகத்துகிட்ட இத்தனை தெளிவா நான் பார்த்ததே இல்லை!"

நாற்பதுவரை எண்ணி முடிக்கும்போது பாப்பாயி விறகுச் சுமையோடு வந்தாள். நனைந்த கிடாயைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள். சுமையைத் தொப்பென்று போட்டுவிட்டு இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினாள். கிடாயைக் காட்டினாள், கோயில் திசையைக் காட்டினாள், தன் நெற்றியில் இரண்டுமுறை அடித்துக்கொண்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

செங்கோடன் நோட்டில் எழுதினான்: 'கிடாயின் சொந்தக்காரி கைகளை உயர்த்தி மகிழ்ச்சி தெரிவித்தாள். நெற்றியைத் தொடுவது இவர்களிடம் நன்றியின் அடையாளம் போலும்.'

"அந்தம்மா சந்தோசப்படற மாதிரி எனக்குத் தெரியலீங்களே" என்றான் பொன்னன்.

"ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு விதமான சைகை, பொன்னா."

அத்தோடு விட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். இரவு ஓய்வில் மிருகங்கள் இப்படிப் பழகியதை மறந்துவிடுவது உண்டு. மறந்ததா இல்லையா என்று தெரியாமல் செங்கோடனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் பாப்பாயி ஓடைக்குக் குளிக்கப் போனதும் மறுபடி செம்போடு வந்தான். முதல் தெளிப்புக்குக் கிடாய் பளிச்சென்று உதறியது. மறந்திருக்கிறது! அப்படியானால் எத்தனை தெளிப்பில் மறுபடி பழகும்? அதையும் பார்த்துவிட வேண்டியதுதானே? நேற்று முப்பத்தொன்று ஆயிற்று. இன்று எட்டே தெளிப்பில் கிடாய் உதறுவதை விட்டுவிட்டது. பதினைந்திலிருந்து, தண்ணீர் பட்டதும் தலையைத் திருப்பி வெல்லத்துக்கு நாக்கை நீட்ட ஆரம்பித்தது. செங்கோடன் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டான். இருபத்திரண்டோடு வெல்லம் தீர்ந்துவிட்டது. நேற்றும் இன்றுமாக அறுபத்திரண்டு முறை.

உச்சிப்பொழுதுக்குக் கோயிலில் ஊர் கூடியது. கோயில் என்றால் ஒரு பெரிய நாவல்மரம், அதன் அடியில் ஒரு கல், கல்லைச் சுற்றி நட்ட வேல்கள். மஞ்சள் தண்ணீர்ப் பானை வெயிலில் ஒரு பாறைமேல் இருந்தது. குளித்த தலையோடு பாப்பாயி கிடாயைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றாள். சென்றாயன் வேப்பங்கொத்தைப் பானையில் முக்கித் தெளித்தான். செங்கோடன் பொத்தானை அமுக்கினான்.

கிடாய் தலையைத் திருப்பிச் சென்றாயன் கையை நக்கியது.

ஊர் முணுமுணுத்தது. சென்றாயன் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தெளித்தான். கிடாய் மறுபடி நக்கியது. வெல்லம் இல்லாததைக் கண்டு குறைபட்டுக்கொண்டது போல ஒருமுறை கத்தியது. மூன்றாவது முறை அது நாக்கை நீட்டியபோதுதான் தான் செய்துவைத்த காரியம் செங்கோடனுக்குப் புரிந்தது. அவன் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஆரோ மறைக்கறாங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "சொல்லிப்போடுங்க."

காளியண்ணன் என்ற கட்டைக்குட்டையான ஆள் எழுந்தான். பங்காளி காட்டு மரத்திலிருந்த தேனடையைத் தான்தான் எடுத்ததாகச் சொன்னான். கரடி எடுத்ததாக இத்தனை நாள் சொல்லிவந்தானாம்.

"அப்ப அந்தக் கரடி காலடித் தடம்?" என்று பங்காளி கேட்டான்.

"கையிலயே போட்டனுங்க."

தெளித்தார்கள். கிடாய் அசைபோட்டது. எல்லாரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். கொஞ்ச நேரம் அங்கே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஊர்க்கவுண்டரின் மனைவி கண்ணாயியே எழுந்தாள்.

"நானு பாப்பாயிகூடப் பேசலீங்க. ஆனா அவ எருமைகூடப் பேசினேன்."

"எருமைகூட உனக்கென்னடி பேச்சு?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அவ பக்கத்துல நிக்கறப்ப எருமையப் பாத்துச் சொல்லுவேன். 'ஏ எருமே, மழை வாரமாதிரி இருக்குது, காயப்போட்டதை அள்ளச் சொல்லு'ம்பேன். 'ஏ எருமே, எம்பொண்ணுக்கு ஆம்பளப்புள்ள பொறந்திருக்குது'ம்பேன். எருமைகிட்டப் பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே!"

அதற்குப் பிறகு மடை உடைந்தது. காளியண்ணன் பெண்டாட்டி எருமையிடம் உப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இன்னொருத்தி எருமையிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்லி அழுதிருக்கிறாள். சென்றாயன்கூட, தெளிப்பதை நிறுத்திவிட்டு, கிடாயைக் குளிப்பாட்டி வைக்கும்படி முந்தாநாள் எருமைக்கு ஞாபகப்படுத்தியதை ஒத்துக்கொண்டான். ஏழு மாசத்தில் அந்த ஊரில் அதிகம் சேதி தெரிந்தவர் யார் என்று கேட்டால் அந்த எருமைதான். வேறொரு நாளாக இருந்தால் செங்கோடன் பத்துப் பக்கம் எழுதியிருப்பான். இப்போது நோட்டை மூடியே வைத்திருந்தான்.

ஒவ்வொருவர் சொன்ன பிறகும் தெளித்தார்கள். கிடாய் உதறவில்லை. வெல்லத்தைத் தேடி அது கயிற்றை இழுத்துக்கொண்டு நேராகச் செங்கோடனிடம் வந்து, அவன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தது.

சொல்வதற்கு இதுதான் சமயம் என்று அவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஊர்க்கவுண்டர் கைகூப்பினார்.

"வாத்தியாரைக் கருப்பனாருக்குப் புடிச்சிருக்குதுங்க! தூரத்துல நிக்காதீங்க சாமி, முன்னால வாங்க."

அவனை முன்வரிசைக்கு அழைத்துப்போய் ஒரு கம்பளியை மடித்துப்போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு கிழவர் அவன் காலைத் தொட்டார். அந்த இடத்தில் அவ்வளவு மரியாதை பெற்றவனும் கிடையாது, அவ்வளவு குற்றவாளியும் கிடையாது. எதிரே பாப்பாயி நின்றிருந்தாள். அழவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவள் கையைத் தூக்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டதும் நன்றி அல்ல என்பதை, மனோதத்துவம் படித்த அவன், முழுசாக ஒரு நாள் கழித்துப் புரிந்துகொண்டான். அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். சொல்லத்தான் அவளுக்கு உரிமை இல்லை.

வெயில் மஞ்சளாயிற்று. மேற்கு மலையின் நிழல் சாமைக்காட்டைத் தாண்டி, முதல் வேல்கம்பைத் தொட்டது. செங்கோடன் கணக்குப் போட்டான். சொன்னால் இவர்கள் தன்னை மலையிலிருந்து உருட்டிவிடலாம். அதைவிட மோசம், ஆராய்ச்சி போச்சு. பார்க்க வந்ததைத் தானே கலைத்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்கிறவனை எந்த மகாநாட்டிலும் மேடை ஏற்ற மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு பெண்பிள்ளை எருமையை விற்றுவிட்டு மலை இறங்குவாள். அவன் அட்டவணையில் 'துளுக்கவில்லை' என்று ஒரு வரி சேரும்.

ஊர்க்கவுண்டர் எழுந்து தொண்டையைச் செருமினார். "கருப்பனார் மனசு எறங்கலை. இன்னும் ஒரு வருசம்..."

"கருப்பனாருக்குக் கோவமே இல்லீங்க!" செங்கோடன் கம்பளியிலிருந்து துள்ளி எழுந்தான். "தப்பு என்னோடது!"

சொல்லிவிட்டான். செம்பு, பலாமரம், நேற்று நாற்பது, இன்று காலை இருபத்திரண்டு. சொல்ல ஆரம்பித்ததும் பழக்கதோஷம், வகுப்பறையாகிவிட்டது. அருவிக்கரையில் குடியிருப்பவனைப் பற்றிச் சொன்னான். நோட்டைப் பிரித்து அட்டவணையைத் தூக்கிக் காட்டினான். "தண்ணி பட்டா வெல்லம் வரும்னு அதுக்கு நான் கத்துக்கொடுத்துட்டேன். இதுல அந்தம்மா தப்பு எதுவும் இல்லீங்க. கெடா தப்பும் இல்லீங்க."

ஊர்க்கவுண்டர் அட்டவணையையும் கிடாயையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப... எங்க கெடாவைப் படிக்க வெச்சுப்போட்டீங்க?"

"ஒரு விதத்துல... ஆமாங்க."

"அதான் சொன்னபடி கேக்க மாட்டீங்குது!" என்றான் காளியண்ணன். "என்ற தம்பியைக் கூட ராசிபுரத்துல நாலாவது படிக்க வெச்சேன். அன்னைக்கிருந்து கூப்புட்டா திரும்பிப் பாக்கறதில்லை."

நாவல்மரத்துக் காக்காய்கள் பறக்கும்படி ஊர் சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை. நிழல் இரண்டாவது வேல்கம்பைத் தொட்டுவிட்டது.

"இன்னும் சரிபண்ணலாமுங்க" என்றான் அவசரமாக. "அது உதற மறக்கலை. இந்தத் தண்ணிக்கும், முதுகுல இதே இடத்துக்கும், இப்படிக் கொஞ்சங்கொஞ்சமாத் தெளிக்கறதுக்கும்தான் பழகியிருக்குது. எதையாச்சும் புதுசா மாத்தினா உதறும். ஓடைத்தண்ணி சில்லுன்னு வேணும். முதுகுல வேண்டாம், காதுப் பக்கம் ஊத்தணும். தெளிக்கற கையும் வேற கையா இருக்கணும்."

சென்றாயன் அவன் அருகில் வந்து குனிந்தான். "ஓடைத்தண்ணி ஊத்தினா சட்டுனு ஒதறும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? நாங்க கெடா மேய்க்கறவங்க" என்றான் காதோடு காதாக. "அதுக்குத்தானே பானையை வெயில்ல வெக்கறது. வெதுவெதுன்னு இருந்தாத்தான் கெடா மெதுவா ஒதறும். அதுக்குள்ள ஊரு பேசி முடிச்சிரும். கீழ இருக்கறவங்களுக்குச் சோறு திங்கற அவசரம். கெணத்துத் தண்ணியை மொண்டு அப்படியே ஊத்திப்போடறாங்க."

அரை நாளுக்கும் பதினோரு விநாடிக்கும் நடுவிலிருந்த கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

"அப்ப... சாமி?" என்றான் செங்கோடன்.

"தண்ணியை வெயில்ல வெய்யின்னு எங்க முப்பாட்டனுக்குச் சொன்னது ஆருங்கறீங்க?" என்றான் சென்றாயன். பிறகு நிமிர்ந்து ஊரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "வேற கை ஊத்தலாம். பூசாரி கை இல்லாட்டி, ஆருக்குக் கோவமோ அவங்க கை. எங்கப்பன் காலத்துல ஒருக்கா அப்படி நடந்திருக்குது."

ஊர் மொத்தமும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தது.

"எனக்கென்ன கோவம்? எனக்கு ஒரு கோவமும் இல்லை" என்றார் அவர்.

"இல்லாட்டி ஊத்துங்க மாமா" என்றான் காளியண்ணன்.

காளியண்ணன் பெண்டாட்டி ஓடைக்கு ஓடினாள். அவள் குடத்தோடு திரும்பி வரும்வரை அண்ணாமலை அசையாமல் நின்றார். குடத்தை எதிரே வைத்தும் தொடவில்லை. கண்ணாயி முந்தானையைச் செருகிக்கொண்டு, தூரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த பாப்பாயியின் எருமையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"ஏ எருமே! எங்கூட்டுக்காரரு சோளக்காட்டுச் சந்தைக்குப் போயி ஆறு மாசமாச்சு. ஏன்னு கேளு!"

"வாயை மூடுடி!" என்றார் அண்ணாமலை. ஆனால் அவர் முகம் உடைந்துவிட்டது. "கேலி பண்றாங்க" என்றார் குறைந்த குரலில். "மொளகை எறக்கி வெக்கறதுக்குள்ள கேக்கறாங்க. 'ஏனுங்க கவுண்டரே, சாமியை எழுப்பி உட்டுட்டு வந்தீங்களா'ன்னு. செம்மேட்டுல ஒருத்தன் கேக்கறான், 'உங்கூர்ல எருமை வாரப்ப சங்கு ஊதறது நீங்கதானுங்களா'ன்னு. ஒருத்தன் ரெண்டு பேருன்னா பரவால்லை. மலையே கேக்குது! இவ ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. நானு ஏழு மாசமா நூறு பதில் யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் அத்தனை நல்லா அமையலை."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. தள்ளி நின்ற பாப்பாயி வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதைப் பார்த்து அண்ணாமலைக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் சிரித்த சிரிப்பில் மேளக்காரன் எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு தட்டுத் தட்டினான். அவர் சிரித்தபடியே குடத்தைத் தூக்கி, தெளிப்பதெல்லாம் தெரியாதவராகையால், முழுக் குடத்தையும் கிடாயின் தலையில் கவிழ்த்தார்.

கிடாய் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ள, கழுத்து சுழல, முதுகு நெளிய, வால் நுனிவரை ஓர் உதறு உதறியது. முன்வரிசை முழுக்க நனைந்தது. மறுபடி ஒருமுறை உதறியது.

"துளுக்கிருச்சு!" என்று ஊர் ஒரே குரலில் கூவியது. பொழுது இன்னும் முழுக்க இறங்கவில்லை, கடைசி வேல்கம்பின் நுனியில் வெயில் இருந்தது.

நனைந்த முகத்தோடு செங்கோடன் யோசித்தான். புதுத் தண்ணீர், புது இடம், புதுக் கை, சிரிப்பு, மேளம். ஐந்தையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது. அண்ணாமலை மனசுவிட்டுப் பேசியதையும் சேர்த்தால் ஆறு. கருப்பனாரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யவில்லை.

கிடாயின் கதை அதற்குமேல் எல்லாக் கிடாய்களின் கதையும்தான். விருந்தில் தன் இலைக்கு வந்த கறியைச் செங்கோடன் பொன்னன் பக்கம் தள்ளிவிட்டான். இரண்டு நாள் வெல்லம் கொடுத்த கை அல்லவா.

பாப்பாயி அதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள். ஊரில் சேர்ந்தவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது என்பது வழக்கம். அதை ஏற்படுத்தியவர்கள் பாப்பாயியை நினைத்து ஏற்படுத்தியிருக்க மாட்டார்கள். ஏழு மாசப் பேச்சு அது. காளியண்ணனைத் திட்டினாள், கண்ணாயியின் பேரனுக்குப் பேர் என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள், எருமையிடம் உப்பு கொடுத்தனுப்பியவளுக்கு, கல் பொறுக்காமல் கொடுத்ததைச் சுட்டிக்காட்டி நன்றி சொன்னாள். ஊர்க்கவுண்டரிடம், "அன்னைக்கு நானு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க மாமா. ஆனா நல்லாத்தான் இருந்துது, இல்லீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். குறுக்கே பேசக் கூடாதே.

கடைசியாகச் செங்கோடன் முன்னால் வந்து நின்றாள். அவன் எழுந்து கைகூப்பினான்.

"நீங்க கூறுகெட்ட ஆளுதான் கண்ணு, ஆனா பொய் சொல்லலை" என்றாள். "அந்த நோட்டுல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

அவன் உண்மையைச் சொன்னான். மகிழ்ச்சி, நன்றி என்று எழுதியதாக.

பாப்பாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இந்த முறை அவனுக்குப் புரிந்தது.

"கெடா ஏன் ஒதறுதுன்னு கேட்டுக்கிட்டு மெட்ராசுல இருந்து வந்தீங்க. சரி. ஒரு மனுசியை ஏழு மாசம் பேசாம வெச்சா உள்ள என்ன ஆகும்னு கேக்கோணும்னு தோணலீங்களா? மொத மாசம் பாத்திரத்தோட பேசினேன். ரெண்டாம் மாசம் பாத்திரம் திருப்பிப் பேசுச்சு. மூணாம் மாசம்..." அவள் நிறுத்தினாள். "பாத்துக்கிட்டே நின்னா? உக்காந்து எழுதுங்க சாமி. மெதுவாத்தான் சொல்றேன்."

செங்கோடன் கம்பளியில் உட்கார்ந்து நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டினான். பாப்பாயி எதிரே சம்மணம் போட்டுக்கொண்டாள். அவளைச் சுற்றி ஊர் நெருங்கி உட்கார்ந்தது. அண்ணாமலைக் கவுண்டர் இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்தார்.